குழுக்கடனுக்குக் கையெழுத்து வைக்க முதல் கணக்குப் பாக்கிறது எப்பிடி

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இருக்கிற அக்கா தங்கச்சிமாரை நினைச்சுத்தான் இதை எழுதுறன். குழுக்கடன் எண்டது ஊர்ப் பெண்களைக் குழுவாச் சேத்து, ஒராளுக்கு மற்றாக்களைப் பிணையா வச்சு, கொம்பனிகள் குடுக்கிற நுண்கடன், அதாவது கிழமைக்குக் கிழமை கட்டுற சின்னக் கடன். கடனே எடுக்காதேங்கோ எண்டு சொல்ல வரேல்ல, எடுக்காமச் சமாளிக்க ஏலாத வீடுகள் எத்தினையோ இருக்கெண்டு எனக்குத் தெரியும். எடுக்க முதல் ஒரு கொப்பியும் பேனையும் வச்சுக்கொண்டு அரை மணித்தியாலம் இருங்கோ.

2009 மே மாசம் சண்டை முடிஞ்சாப்பிறகு ஏ9 ரோட்டு காப்பெட் ஆச்சு, 2014 ல யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்துது, பாங்குகளும் லீசிங் கொம்பனிகளும் வரிசையா வந்து கடை திறந்ததுகள். வெளிநாட்டில பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அது உண்மையான முன்னேற்றம்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா முள்ளிவாய்க்கால் வரைக்கும் ஓடி மாடு, ட்ராக்டர், நகை எல்லாத்தையும் விட்டிட்டு முகாமில இருந்து வெறுங்கையோட திரும்பி வந்த வீட்டுக்கு, அதிலயும் ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு, அதே ரோட்டால மோட்டச்சைக்கிளில வந்தது கடன்தான். இந்திய வீட்டுத்திட்டத்தில 550,000 ரூபா குடுத்தவை, சீமெந்தும் மணலும் விலை ஏற ஏற அது காணாமப் போய், கூரை போடக் கடன் எடுத்த ஆக்கள் எங்கட ஊரிலயே இருக்கினம்.

சரி, கணக்குக்கு வருவம். கடன் கொம்பனி ஆபீசர் "வட்டி 24 வீதம்தான் அக்கா" எண்டு சொல்லுவார். 50,000 எடுத்தா வருசத்துக்கு 12,000 வட்டி, மொத்தம் 62,000, 52 கிழமையாப் பிரிச்சா கிழமைக்கு 1,192 ரூபா. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா நீங்கள் கிழமைக்குக் கிழமை எடுத்த முதல் காசையும் சேத்துத்தானே திருப்பிக் கட்டுறீங்கள், ஆறு மாசம் போக உங்கட கையில நிக்கிறது ஏறக்குறைய அரைவாசிக் காசு, வட்டி மட்டும் முழு 50,000 க்கும் ஓடிக்கொண்டிருக்கும். நிக்கிற முதலுக்கு மட்டும் பாத்தா அது 44 வீதத்துக்குக் கிட்ட வரும். பிறகு காப்புறுதி, டொக்யுமென்ட் சார்ஜ் எண்டு 2,500 ஐ முதலே கழிச்சுக்கொண்டு 47,500 தந்தா 55 வீதத்துக்கே போயிடும். அதால வட்டி எத்தினை வீதம் எண்டு கேக்காதேங்கோ. "என்ர கையில எவ்வளவு தருவீங்கள், நான் கடைசியா மொத்தம் எவ்வளவு கட்டி முடிப்பன்" எண்டு ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்கோ, ரெண்டையும் அவரின்ர கையாலயே எழுதி வாங்குங்கோ. 2018 ல ஐநாவின்ர நிபுணர் ஒருத்தர் இலங்கைக்கு வந்து பாத்திட்டு 220 வீதம் வரைக்கும் வட்டி போகுதெண்டு சொன்னவர், ஆனபடியா நான் கூட்டிச் சொல்லுறன் எண்டு நினையாதேங்கோ.

அடுத்தது உங்கட வருமானம் எப்ப வருது எண்டு பாருங்கோ. கட்டுக்காசு கிழமைக்குக் கிழமை, ஆனா காலபோக நெல்லு வருசத்தில ஒருக்காத்தான் வெட்டுறது, கடல் பெருத்தா தொழிலுக்குப் போகேலாது. வருமானமே இல்லாத கிழமைகளை கலண்டரில வட்டம் போடுங்கோ, அந்தக் கிழமைகளில கட்டுக்காசு எங்கயிருந்து வரும்? "மற்றக் கொம்பனியில எடுத்துக் கட்டுவன்" எண்டு மனசு சொன்னா அந்த இடத்திலயே எழும்பி வந்திடுங்கோ. என்ர சொந்தக்கார அக்கா ஒராள் அப்பிடித்தான் ஒண்டுக்கு நாலு கடனாக்கி, கட்டுக்காசு எடுக்க ஆக்கள் வாற திங்கக்கிழமை வந்தா கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்க இருந்தவ, பிள்ளையளைப் பள்ளிக்கூடத்துக்கும் விடாம.

குழுவில ஒராள் கட்டாட்டி மற்றவை கட்டோணும். கூடப் பிறந்த மாதிரி இருந்தவையே இதால கதைபேச்சில்லாமப் போயிருக்கினம், அதால ஆரோட சேருறீங்கள் எண்டது கடன் தொகையை விடப் பெரிய விசயம்.

அவசரத்துக்கு எண்டா முதல்ல ஊரில இருக்கிற சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில, அரசாங்கத்தின்ர சமுர்த்தி வங்கியில கேட்டுப் பாருங்கோ, அலைச்சல் கூடத்தான் ஆனா வீட்டு வாசலில வந்து நிண்டு கத்தமாட்டினம். நகை ஏதும் மிச்சமிருந்தா பாங்கில அடகு வைக்கிறது இதைவிடப் பரவாயில்லை.

ஏற்கனவே மாட்டுப்பட்டிருந்தா ஒளிக்காதேங்கோ. 2018 ல வறட்சி பாதிச்ச மாவட்டங்களில ஒரு லட்சத்துக்கு உள்பட்ட நுண்கடனைக் கட்டேலாம இருந்த பெண்களுக்கு அரசாங்கம் தள்ளுபடி குடுத்தது, பெண்கள் றோட்டில இறங்கிக் கேட்டதும் அதுக்கு ஒரு காரணம். மத்திய வங்கியில முறைப்பாடு சொல்ல 1935 எண்டொரு நம்பர் இருக்கு, தமிழில கதைக்கலாம். கூப்பிட முதல் கட்டுக்காசு பதியிற அட்டையையும் ஒப்பந்தத்தையும் எல்லாப் பக்கமும் போனில படம் எடுத்து வையுங்கோ, ஆபீசர் எத்தினை மணிக்கு வந்தவர், என்ன சொன்னவர் எண்டு திகதியோட கொப்பியில எழுதுங்கோ. இனிமேல் காசு குடுக்கேக்கையும் அட்டையில கையெழுத்து விழுந்தாப்பிறகுதான் குடுக்கோணும், "நாளைக்குப் போடுறன்" எண்டா காசும் நாளைக்குத்தான்.