குளிர்ந்தால் மட்டும் கசிந்த கூலன்ட்: என் அனுபவம்

காரின் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், அதன் தொட்டியில் மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. ரேடியேட்டர் மூடியை மாற்றியும், ஹோஸ் கிளாம்ப்புகளை இறுக்கியும் பயனில்லை. எஞ்சின் ஆயிலில் பால் நிறமோ, புகைக்குழாயில் ஓயாத வெண்புகையோ இல்லாததால், கூலன்ட் எஞ்சினுக்குள் கசியாமல் தடுக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டின் மீதான சந்தேகம் பெரிதும் குறைந்தது. சூடான எஞ்சினில் பணிமனையில் செய்த அழுத்தச் சோதனையிலும் அழுத்தமானியின் முள் இறங்கவில்லை.

கூலன்ட் ஓட்டத்தை வெப்பத்துக்கேற்பக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட்டின் உறையில், அடிவிளிம்பில், சிறு கண்ணாடியை நீட்டிப் பார்த்தால் மட்டுமே தெரியும் இடத்தில், இளஞ்சிவப்புப் பொடி படிந்திருந்தது. கூலன்டின் நீர் ஆவியான பின் எஞ்சும் படிவு அது. தரை ஏன் நனையவில்லை என்பதும் அதனால் விளங்கியது. இரவு முழுவதும் ஆறிய எஞ்சினில், மூடியில் குறித்திருந்த 1.1 பார் அளவைத் தாண்டாமல் அழுத்தம் ஏற்றியபோது, அந்தப் பிளாஸ்டிக் உறையின் மயிரிழை விரிசலில் துளி அரும்பியது. சூட்டில் விரிந்து அடைபட்டுக்கொண்ட விரிசல், குளிரில் சுருங்கியதும் வாய் திறந்திருக்கிறது.

உறையையும் அதன் ரப்பர் வளையத்தையும் மாற்றி, ஹீட்டரை உச்சத்தில் வைத்து, காற்றுக்குமிழிகள் வெளியேறும்வரை எஞ்சினை ஓடவிட்டு, முற்றிலும் ஆறிய பிறகே மூடியைத் திறந்து அளவைச் சரிசெய்தேன். அதன்பின் அளவு இறங்கவில்லை, பெரிய நிம்மதி.