இரண்டடி மீன்தொட்டியில் உயிர்ச்செடி: மண் போடுவதிலிருந்து கத்தரிப்பது வரை

மீன்தொட்டியில் செடி வைப்பவர்களில் பலர் முதல் மாதத்திலேயே மனம் விட்டுவிடுகிறார்கள். வாங்கி வந்த செடி இலை உதிர்க்கிறது, கண்ணாடியில் பழுப்புப் பாசி படிகிறது. உடனே விளக்கைக் கூட்டுகிறார்கள், உரத்தை ஊற்றுகிறார்கள், செடியைப் பிடுங்கி இடம் மாற்றுகிறார்கள். மூன்றுமே தொட்டியைக் கெடுக்கும். குறைந்த வெளிச்சம், முதல் நாளே நிறையச் செடி, ஆறு வாரம் கை வைக்காத பொறுமை இருந்தால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இல்லாமலே தொட்டி பச்சை கட்டும்.

கீழே உள்ள அளவுகள் 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரத் தொட்டிக்கானவை. விளிம்பு வரை 70 லிட்டர் கொள்ளும். மண், கல், மேலே விடும் இடம் எல்லாம் போக நிற்கும் தண்ணீர் 50 லிட்டர் சொச்சம். நிரம்பிய பிறகு மொத்த எடை 90 கிலோவை நெருங்கும்; ஆடாத மேசையில், அடியில் தெர்மோகோல் தாள் போட்டு வையுங்கள். ஜன்னல் வெயில் நேரே விழும் இடம் வேண்டாம், தண்ணீரே பச்சையாகிவிடும்.

மண்ணும் மணலும்

செடித்தொட்டிக்கென்றே கடையில் விற்கும் அக்வா சாயில் மண் நல்லதுதான், ஆனால் விலை அதிகம். செம்மண்ணே போதும், அதில் இரும்புச் சத்தும் இருக்கிறது. ரசாயன உரம் படாத இடத்துச் செம்மண்ணைச் சலித்து, பத்துப் பங்குக்கு ஒரு பங்கு மண்புழு உரம் கலந்து, வாளியில் ஊறவைத்து, மிதக்கும் குப்பையை இரண்டு மூன்று முறை வடித்து ஊற்றுங்கள். நர்சரியில் விற்கும் தயார் மண் கலவையில் யூரியாவோ வேப்பம் புண்ணாக்கோ கலந்திருக்கலாம், இரண்டும் மீனுக்கு ஆகாது. தேங்காய் நார்க்கழிவு மிதந்து வரும், அதுவும் வேண்டாம்.

இந்த மண் 1 அங்குல உயரத்துக்கு மேல் போகக்கூடாது. தொட்டியின் அடி முழுக்கப் பரப்பினால் அதற்குச் சுமார் 5 லிட்டர் மண் பிடிக்கும். கண்ணாடி ஓரம் 1 அங்குலம் விட்டு நடுவில் பரப்பினால் மூன்றரை லிட்டர் போதும், வெளியே இருந்து பார்க்கச் சேறு தெரியாது. மேலே 1½ அங்குலத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் பருமனுள்ள மணல். ஏறக்குறைய 11 கிலோ ஆகும். போர்வெல் வடிகட்டிகளில் போடும் சிலிக்கா மணல் இதற்கு அருமையாகப் பொருந்தும்: சலித்தது, தண்ணீரின் தன்மையை மாற்றாது. எம்-சாண்டில் தூசி அதிகம், ஓரங்களும் கூர்மை. கடற்கரை மணலில் கிளிஞ்சல் துகள் இருக்கும், அது தண்ணீரைக் கடினமாக்கும். எந்த மணலானாலும் ஒரு பிடி எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள்.

மணல் மிக நைசாக இருந்தாலோ மண் கனமாக இருந்தாலோ அடியில் காற்று போகாமல் அழுகல் முட்டை நாற்றமுள்ள வாயு சேரும். முதல் இரண்டு மாதம் வாரம் ஒருமுறை மூங்கில் குச்சியால் பத்துப் பன்னிரண்டு இடங்களில் மெல்லக் குத்தி விடுங்கள்.

தண்ணீர்

மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருந்தால் கடையில் ஆன்டி-குளோரின் என்று தரும் சோடியம் தயோசல்ஃபேட் போடுங்கள், அல்லது திறந்த வாளியில் ஒரு நாள் வைத்திருங்கள். போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, அதாவது டிடிஎஸ், 800, 1000 என்று நிற்கும் தெருக்களில் ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து 400க்குக் கீழே கொண்டுவருவது நல்லது. முழுக்க ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றினால் கால்சியமும் மக்னீசியமும் இல்லாமல் புது இலை சுருண்டு வரும்.

கோடையில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தொடும். ஒரு சின்ன விசிறியை நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக வீசவிட்டால் 2, 3 டிகிரி இறங்கும். அப்படி ஆவியாகிக் குறைந்த அளவை ஆர்.ஓ. தண்ணீரால் மட்டுமே நிரப்புங்கள். போர்வெல் தண்ணீரையே திரும்பத் திரும்ப ஊற்றினால் உப்பு சேர்ந்துகொண்டே போகும்.

விளக்கு

இரண்டடி நீள 10 வாட் எல்.இ.டி. பேட்டன், 6500 கெல்வின், 1000 லூமென். வீட்டுக்கு மாட்டும் சாதாரண ட்யூப்தான். லிட்டருக்கு 20 லூமென் என்ற கணக்கில் கார்பன் டை ஆக்சைடு இல்லாத தொட்டிக்கு இதுவே சரி. டைமர் போட்டு, முதல் ஆறு வாரம் நாளைக்கு 6 மணி நேரம், பிறகு 7, அதிகபட்சம் 8. வெளிச்சம் கூடினால் செடிக்கு அந்த வேகத்துக்குக் கார்பன் கிடைக்காது. மிஞ்சிய வெளிச்சம் பாசிக்குப் போகும்.

எந்தச் செடி

முதல் நாளே மணல்பரப்பில் முக்கால் பங்கு செடியாக இருக்க வேண்டும். அதில் பாதிக்கு மேல் வேகமாக வளர்பவை: ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா, வாட்டர் விஸ்டீரியா, வாலிஸ்னேரியா, ஹார்ன்வோர்ட். நான்கும் நம் வெப்பத்தைத் தாங்கும், புது மண்ணிலிருந்து கசியும் அமோனியாவையும் உறிஞ்சும். நடுவரிசைக்குக் கிரிப்டோகோரைன் வென்ட்டி. இலங்கையின் ஓடைகளுக்கே உரிய செடி, மங்கிய வெளிச்சத்திலும் நிலைக்கும். கட்டைக்கும் கல்லுக்கும் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன். தரைவிரிப்புச் செடிகளையும் சிவப்புச் செடிகளையும் இந்த விளக்கில் முயல வேண்டாம், காசுதான் வீண்.

சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் வலைபோன்ற சிறு பிளாஸ்டிக் தொட்டியில் கிடைக்கும் செடிகள் பெரும்பாலும் தண்ணீருக்கு மேலே வளர்க்கப்பட்டவை. நீருக்குள் போனதும் பழைய இலை அழுகும், பிறகு மெலிந்த புது இலை வரும். செடி சாகவில்லை, இலையை மாற்றிக்கொள்கிறது. கிரிப்டோகோரைனில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும்: இலை ஓரம் கண்ணாடிபோல் ஆகி, இரண்டு நாளில் கூழாகக் கரைந்து, மணலில் தண்டின் அடி மட்டும் நிற்கும். பிடுங்கிவிடாதீர்கள். வேர் உயிரோடு இருக்கிறது, இரண்டு முதல் நான்கு வாரத்தில் நடுவிலிருந்து சுருண்ட குருத்து வரும். கரைந்த இலைகளை மட்டும் உறிஞ்சி எடுங்கள்.

நத்தை வராமல் இருக்க, 4 லிட்டர் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி படிகாரத் தூள் கரைத்து, செடியை 2 மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். ஏரியிலிருந்து ஹைட்ரில்லா எடுத்து வருபவர்கள் இதை விடவே கூடாது. தட்டானின் இளம்புழு ஒட்டி வந்தால் மீன்குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தின்றுவிடும்.

நடவு

மணலுக்கு மேல் 2 அங்குலம் மட்டும் தண்ணீர் விட்டு நடுவது எளிது. ஒரு தட்டை வைத்து அதன்மேல் ஊற்றினால் மண் கலங்காது. வேரைச் சுற்றியிருக்கும் பஞ்சை முழுக்க எடுத்துவிட்டு, வேரை 1 அங்குலத்துக்கு நறுக்குங்கள். தண்டுச்செடியின் அடி இலைகளைக் கிள்ளி, நீண்ட இடுக்கியால் தண்டைச் சாய்வாக 1 அங்குலம் செருகி, மணலுக்குள்ளேயே இடுக்கியைத் திறந்து வெளியே எடுங்கள். நேராக இழுத்தால் தண்டும் கூடவே வரும். தண்டுக்குத் தண்டு முக்கால் அங்குலம் இடைவெளி விடுங்கள்.

வாலிஸ்னேரியாவில் வேரும் இலையும் சேருமிடம் வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளை மணலுக்கு மேலே தெரிய வேண்டும், புதைந்தால் அழுகும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டின் கிழங்குத்தண்டையும் மண்ணில் புதைக்கவே கூடாது. பருத்தி நூலால் கட்டையில் கட்டுங்கள், அல்லது சயனோஅக்ரிலேட் பசையை (சூப்பர் க்ளூ) ஒரு சொட்டு வைத்துக் கல்லில் ஒட்டுங்கள்.

முதல் மாதம்

முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், அடுத்த மூன்று வாரம் வாரம் இருமுறை, அதன் பின் வாரம் ஒருமுறை கால் பங்கு. ஃபில்டர் முதல் நாளிலிருந்தே ஓடட்டும், ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும். மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் தண்ணீர்ச் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகுதான் மீன். மண் போட்ட தொட்டிக்கு நான்கு வாரம் ஆகலாம். முதலில் ஐந்தாறு சிறு மீன்கள். கோல்டு ஃபிஷ் செடியைத் தின்னும், ஆஸ்கார் பிடுங்கிப் போடும்.

இரண்டாம் வாரத்திலிருந்து வரும் பழுப்புப் பாசி டயாட்டம் என்ற நுண்பாசி. துடைத்தால் போதும், தானாகவே அடங்கும். நூல்பாசி வந்தால் விளக்கை ஒரு மணி நேரம் குறையுங்கள். நீலப்பச்சை வழவழப்பு, மண்வாடை என்றால் அது சயனோபாக்டீரியா: கையால் வழித்தெடுத்து, மூன்று நாள் தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்கி, பிறகு பாதித் தண்ணீர் மாற்றுங்கள். கரும்பாசி அனுபியாஸ் இலை ஓரத்தைப் பிடித்தால் அந்த இலையை வெட்டுவதே சுலபம். லிக்விட் கார்பன் என்று விற்கும் குளூட்டரால்டிஹைடு பாசியைக் கொல்லும், வாலிஸ்னேரியாவையும் கரைத்துவிடும்.

உரம்

மண் அடியில் இருப்பதால் முதல் மூன்று மாதம் எதுவும் வேண்டாம். அதன் பிறகு உரக்கடையில் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விற்கும் நீரில் கரையும் உரமே போதும். 500 மில்லி ஆர்.ஓ. தண்ணீரில் 13-0-45 எனும் பொட்டாசியம் நைட்ரேட் 25 கிராம், 0-0-50 எனும் பொட்டாசியம் சல்ஃபேட் 10 கிராம், 0-52-34 எனும் மோனோ பொட்டாசியம் பாஸ்ஃபேட் 2 கிராம் கரையுங்கள். வாரம் ஒருமுறை, தண்ணீர் மாற்றிய பின், 10 மில்லி. இது 50 லிட்டரில் நைட்ரேட்டை 6 மில்லிகிராம், பாஸ்ஃபேட்டை அரை மில்லிகிராம் அளவு லிட்டருக்கு உயர்த்தும். 19-19-19ஐ மட்டும் தொடாதீர்கள். அதில் யூரியாவும் அமோனியமும் இருக்கின்றன.

இரும்பைத் தனியே, வேறு நாளில் கொடுங்கள். பாஸ்ஃபேட்டோடு சேர்ந்தால் படிந்து வீணாகும். இரும்பு கரைந்தே இருக்க அதைப் பிடித்துவைக்கும் பொருளோடு சேர்த்து விற்பார்கள்; கடினத் தண்ணீரில் இ.டி.டி.ஏ. வகை சீக்கிரம் உடையும், டி.டி.பி.ஏ. வகை கேளுங்கள். குறையை இலையே சொல்லும்: புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்பு, பழைய இலையில் ஊசித் துளைகள் என்றால் பொட்டாசியம், பழைய இலை முழுக்க மஞ்சளானால் நைட்ரஜன்.

கத்தரிப்பு

தண்டு நீர்ப்பரப்பைத் தொட்டதும் மேலிருந்து 5 அங்குலம் வெட்டி, அந்த நுனியையே மறுபடி நடுங்கள். அடித்தண்டை விட்டால் இரண்டு கிளை வெடிக்கும். வாலிஸ்னேரியாவின் ஓடுதண்டில் வரும் கன்றுகள் 3 அங்குலம் வளர்ந்த பிறகு பிரிக்கலாம்.

வெட்டிய துண்டுகளைக் குளத்திலோ கால்வாயிலோ சாக்கடையிலோ வீசாதீர்கள். கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப்பாண்டியில் 2020-ல் ஊரே திரண்டு பார்த்த இளஞ்சிவப்புப் பூ விரிப்பு, தென் அமெரிக்காவிலிருந்து வந்து நீர்நிலையை அடைத்துக்கொண்ட கபோம்பா என்ற மீன்தொட்டிச் செடி. மிஞ்சியதை மாடியில் வெயிலில் நொறுங்கக் காயவைத்து, பூந்தொட்டி மண்ணில் கலந்துவிடுங்கள்.