ஸ்கிரீன்ஷாட்டில் சிக்காத மஞ்சள்

ஜவுளிக்கடைக்காரர் ஒருவருக்கு இணையதளம் வடிவமைத்தேன். “பார்க்கப் பழசு மாதிரி இருக்கு தம்பி” என்றார். எது பழசு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எழுத்துருவை மாற்றினேன், பேனர் படங்களை மாற்றினேன், பின்னணியைச் சுத்த வெள்ளையாக்கினேன். அதே பதில். நான்கு நாள் போனது. ஸ்கிரீன்ஷாட் கேட்டு வாங்கினேன். அதில் எல்லாம் பளிச்சென்று இருந்தது.

சரி, மகனுடைய போனால் உங்கள் திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். வெள்ளை முழுக்க மஞ்சள்! அவர் போனில், இரவில் கண் கூசாமலிருக்கத் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் வசதி பகலிலும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மஞ்சள் திரையில்தான் தெரியும். பெரும்பாலான போன்களில் ஸ்கிரீன்ஷாட்டில் பதியாது. அதை அணைக்கச் சொல்லிவிட்டு, நான் முதலில் செய்த வடிவத்தையே திரும்பக் காட்டினேன். “இதைத்தான் கேட்டேன் தம்பி” என்றார். அப்பாடா, அன்றைக்கே தளத்தை ஏற்றிவிட்டேன்.