உப்புக்காற்று ஊரில் யாகி ஆன்டெனா ஏற்றும்போது

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஹாம் (அமெச்சூர் வானொலி) கிளப் மாடியில் 2 மீட்டர் அலைவரிசைக்கான யாகி (வரிசையாகக் குச்சிகள் வைத்து ஒரு திசையை நோக்கும் ஆன்டெனா) மாட்டுகிறவர்கள் கம்பம் ஏறும் முன்பே எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் சக்தி ஆன்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் விகிதம்) பார்த்துவிடுங்கள். தரையில் கிடத்தி அளந்தால் அளவு தப்பாகத்தான் வரும். மரக்கழியில் இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் கட்டி, ஆட்கள் விலகி நின்று, 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை பாருங்கள். 1.5-க்குள் இருந்தால் போதும், 1.0 வேண்டுமென்று மல்லுக்கட்டுவது வீண்.

எஃப்.எம். ரிப்பீட்டருக்கு (சிக்னலை வாங்கி மறுபடி பலமாக அனுப்பும் நிலையம்) என்றால் குச்சிகள் செங்குத்தாக நிற்க வேண்டும். இரும்புக் கம்பம் குச்சிகளுக்கு நடுவே வராமல், பின்கோடிக் குச்சியான ரிஃப்ளெக்டருக்குப் பின்னால் பிடியுங்கள்.

நம் கரையில் பெரிய தொல்லை உப்புதான். அலுமினியமும் செம்பும் நேரடியாகத் தொடும் இடம்தான் முதலில் அரிக்கும். போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். கனெக்டர் மேல் செல்ஃப் அமால்கமேட்டிங் டேப்பை (தன்னோடு தானே ஒட்டி ஒன்றாகிவிடும் ரப்பர் டேப்) கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஓடு வேய்வதுபோல. அப்போதுதான் மழைநீர் மடிப்புக்குள் இறங்காது. சாதாரண கறுப்பு டேப்பை மட்டும் நம்பினால், வெயிலில் பசை இளகி வாய் பிளந்துவிடும்.

கடைசியாகத் திசை. ஆன்டெனாவைச் சென்னைப் பக்கம் திருப்புவதென்றால், சென்னை நமக்கு வட-வடகிழக்கில். காம்பஸை இரும்புக் கம்பத்தை விட்டுத் தள்ளி நின்று பாருங்கள். பிறகு பலவீனமான ரிப்பீட்டர் ஒன்றைக் கேட்டபடி ஆன்டெனாவைச் சுற்றுங்கள். பலமான சிக்னலில், ரேடியோவில் சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டர் எந்தப் பக்கமும் முழுசாகவே காட்டும்.