கண்டாங்கித் துணியில் கொசுவப் பாவாடை: கட்டமே அளவுகோல்

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கி, கனமான பருத்தித் துணி. பின்கொசுவம் வைத்துக் கட்டிய அப்பத்தாக்களின் இடுப்பில் மடிப்புகள் விறைப்பாக நின்றதற்கு அந்தக் கனமே காரணம். பழைய சேலையைப் பாவாடையாக்கும்போதும் அதே விறைப்பு நமக்கு உதவும். ஆனால் கணக்குத் தவறினால் அதுவே இடுப்பில் மூட்டையாகத் திரண்டுவிடும்.

புதுத் துணியாக இருந்தால் ஓர் இரவு நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். சேலையின் நீளவாக்கு இடுப்பைச் சுற்றியும் கரை கீழேயும் வருமாறு வெட்டினால், கீழ் ஓரத்தை மடித்துத் தைக்கும் வேலையே இருக்காது.

ஒரே பக்கம் சாயும் மடிப்புக்கு இடுப்பளவைப் போல மூன்று மடங்கு துணி தேவை. 24 அங்குல இடுப்புக்கு 72 அங்குலமும், ஓரத் தையலுக்கும் திறப்புக்குமாக இன்னும் 4 அங்குலமும் வைத்துக்கொள்ளலாம். துணியில் நெய்திருக்கும் கட்டம் ஓர் அங்குல அகலம் என்றால், முதல் கட்டத்தின் முடிவுக் கோட்டில் துணியை மடித்து, அந்த மடிப்பை மூன்றாம் கட்டத்தின் முடிவுக் கோட்டின்மேல் படியவைத்துக் குண்டூசி குத்துங்கள். ஒரு கட்டம் வெளியே தெரியும், இரண்டு உள்ளே போகும்.

இங்கே இன்ச் டேப்பைவிட நெசவுக் கோட்டையே நம்புங்கள். என் மகளுக்குத் தைத்த முதல் பாவாடையில் ஒவ்வொரு மடிப்பையும் டேப்பால் அளந்தேன். மடிப்புக்கு அரை நூல் கூடியது. அங்குலத்துக்கு எட்டு நூல் என்பதால், 24 மடிப்புகளில் அது ஒன்றரை அங்குலமாகி, இடுப்புப் பட்டியோடு பொருந்தாமல் அத்தனையையும் பிரிக்க நேர்ந்தது. எல்லா மடிப்பையும் குத்தி முடித்தபின் மொத்த அகலத்தை மட்டும் டேப்பால் சரிபார்த்தால் போதும்.

துணி மிகத் தடிமனாக இருந்தால் இரண்டு மடங்கு துணியே நல்லது. நான் பெரிதும் விரும்புவதும் இந்த முறையைத்தான். மஞ்சளும் அரக்குச் சிவப்பும் ஓர் அங்குலப் பட்டைகளாக மாறி மாறி வரும் துணியில், சிவப்புப் பட்டையை நடுவில் மடித்து உள்ளே தள்ளி, ஒரு மஞ்சளின் ஓரத்தை அடுத்த மஞ்சளின் ஓரத்தோடு சேர்த்துவிடுங்கள். நிற்கும்போது பாவாடை முழுதும் மஞ்சளாகத் தெரியும். குழந்தை ஓடும்போது மடிப்புகள் விரிந்து, உள்ளிருக்கும் சிவப்பு கீற்றுக் கீற்றாக வெளிவரும். இதற்கு 48 அங்குலமும் ஓரத்துக்கான துணியும் போதும்.

குண்டூசி குத்திய மடிப்புகளை இடுப்பு ஓரத்திலும், அதற்கு நான்கு அங்குலம் கீழேயும் கையால் ஓட்டுத் தையல் போட்டு நிறுத்துங்கள். ஈரமான மெல்லிய வேட்டித் துண்டை மேலே விரித்து, இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள்; இழுத்தால் கோடு நெளியும். துணி முற்றிலும் ஆறும்வரை அதை நகர்த்தக் கூடாது, ஏனெனில் சூடு தணியும்போதுதான் மடிப்பு படிந்து நிற்கிறது. அதன்பின் இடுப்புப் பட்டியை மிஷினில் தைத்து, கீழ் வரிசை ஓட்டுத் தையலைக் கடைசியில் பிரித்தெடுங்கள்.