தொப்பூர் இறக்கத்தில் ஆத்திரம் வேண்டாம்: வண்டி ஓட்டும்போது செய்யும் தவறுகள்

ஓசூரில் இருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் போகும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஆத்திரமாக ஓட்டுகிறவர்களில் பலருக்கு அந்த ஆத்திரம் ரோட்டில் வந்ததே இல்லை. நைட் ஷிப்ட் அலுப்பு, வீட்டுச் சண்டை, கட்ட வேண்டிய தவணை என எல்லாவற்றையும் சுமந்துகொண்டுதான் சாவியைத் திருகுகிறோம். மன அழுத்தத்தில் அட்ரினலின் சுரந்து நாடித்துடிப்பு கூடும். பார்வை முன்னால் போகும் வண்டியிலேயே நிலைகுத்தி நிற்கும். சர்வீஸ் ரோட்டில் இருந்து ஏறும் பைக் கண்ணில் படாது. அடுத்தவர் தெரியாமல் செய்ததுகூட வேண்டுமென்றே செய்ததாகத் தோன்றும். அந்த நிலையிலேயே கிளம்புவதுதான் முதல் தவறு. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கிறீர்களா, பல்லைக் கடிக்கிறீர்களா என்று பாருங்கள். 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை விடுங்கள். ஐந்து நிமிடம் இப்படிச் செய்தால் படபடப்பு தணியும்.

அடுத்தது, போன நேரத்தைப் பிடிக்கப் பார்ப்பது. டோல்கேட்டில் பாஸ்டேக் ரீட் ஆகாமல் பத்து நிமிடம் போயிருக்கும். கேட்டைத் தாண்டியதும் கால் ஆக்சிலேட்டரை மிதிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 கி.மீ. தூரத்தை 80 வேகத்தில் போனால் முப்பத்தேழரை நிமிடம், 100-ல் போனால் 30 நிமிடம். மிச்சம் ஏழரை நிமிடம்தான். ஆனால் வண்டியை நிறுத்த பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடிவிடும்.

முன்வண்டியை ஒட்டிப் போய் லைட் அடிப்பதும் இதே அவசரம்தான். 80-ல் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடும். ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆனால், அதற்குள் 33 மீட்டர் போயிருக்கும். முன்வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள். நீங்கள் அதே கம்பத்தைத் தொட மூன்று நொடியாவது ஆக வேண்டும்.

இந்த அவசரம் ஆளையே கொல்லும் இடம் தொப்பூர் கணவாய். தருமபுரியில் இருந்து சேலம் பக்கம் இறங்கும்போது, லோடு லாரி குறைந்த கியரில் ஊர்ந்துதான் போகும், போக வேண்டும். இன்ஜின் பிடித்து இழுப்பதால்தான் அத்தனை டன் பாரம் கட்டுக்குள் நிற்கிறது. பின்னால் இருந்து ஹார்ன் அடித்து நெருக்கினால், டிரைவர் பதற்றத்தில் கியரைத் தளர்த்தக்கூடும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களும் உண்டு. அப்படி விட்டால் முழு பாரமும் பிரேக்கின் மேல் விழும். அடிக்கடி மிதித்தால் பிரேக் டிரம் சூடேறி, அதை உரசிப் பிடிக்கும் லைனிங் பிடிமானம் இழக்கும், பிரேக்கை இயக்கும் ஏர் பிரஷரும் இறங்கும். வேகம் ஏறிய பிறகு கியர் திரும்ப விழாது. 2024 ஜனவரியில் தொப்பூர் பாலத்தில் வண்டிகள் அடுத்தடுத்து மோதி உயிர்கள் போனதை மறந்துவிடக் கூடாது. காரில் போகிறவர்கள் 3-வது கியருக்கு மாறி, லாரிக்குப் பின்னால் நன்றாக விலகியே வாருங்கள். இரண்டு லாரிகளுக்கு நடுவில் புகுந்து கட் அடிக்கவே கூடாது. நியூட்ரலில் விட்டால் காரிலும் எரிபொருள் மிச்சமாகாது. புது கார்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜினுக்கு எரிபொருளே போகாது. நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் ஓட (ஐடிலிங்) செலவாகும்.

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கமும், தக்காளி வரத்துள்ள நாட்களில் பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கமும் டிராக்டர்கள் மெதுவாகக் குறுக்கே ஏறும். டிரெய்லரில் பல நேரம் பின்விளக்கு இருக்காது. திட்டிக்கொண்டே இடதுபக்கம் முந்தாதீர்கள். எதிரே ஹை பீம் போட்டு வருகிறவருக்குப் பதிலுக்கு ஹை பீம் போடுவதால் இரண்டு பேருக்குமே கண் தெரியாது. இடது ஓரக் கோட்டைப் பார்த்து வேகத்தைக் குறையுங்கள்.

யாராவது துரத்தினாலோ மறித்தாலோ இறங்கிப் பேசப் போகாதீர்கள், வீட்டுக்கும் ஓட்டிப் போகாதீர்கள். கதவைப் பூட்டிக்கொண்டு, ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்க், டோல்கேட் அல்லது காவல் நிலையத்துக்குப் போய் 112-ஐ அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. ஆபத்தாக வண்டி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவில் தண்டனைக்குரிய குற்றம். வண்டி எண்ணை உடன் வருகிறவர் குறித்துக்கொள்ளட்டும். ஓட்டுகிறவர் போனைத் தொட வேண்டாம்.