வெளியே தெரியாத தையல்: கர்ப்பப்பை இறக்க ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் மூன்று மாதம்

ஆபரேஷன் முடிந்து வீடு வந்த அன்று பார்க்க வந்த நாத்தனார், உட்காருவதற்கு முன்பே என் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "எங்கத்தா கிழிச்சாக? ஒரு கீறலக்கூடக் காணோமே" என்றார். எனக்குக் கர்ப்பப்பையைக் கீழ்வழியாகவே எடுத்துவிட்டு, சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் தாங்குகிற சுவர்களை உள்ளேயே இழுத்துத் தைத்திருந்தார்கள். தையல் அத்தனையும் உள்ளே. வயிற்றில் தழும்பு இல்லாததால், வந்துபோன யாருக்கும் நான் ஆபரேஷன் ஆனவளாகத் தெரியவில்லை. மூன்றாவது வாரம் எனக்கே மறந்துபோனது. அந்த மறதியால் என்ன ஆனது என்று பின்னால் சொல்கிறேன்.

சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் சத்துணவு சமையலர். வயது 54. மூன்று பிள்ளைகளும் சுகப்பிரசவம். மூன்று தடவையும் முப்பது நாள் முடிவதற்குள் தண்ணீர்க் குடம் இடுப்பில் ஏறிவிட்டது. அப்புறம் இருபது வருடம் அண்டா. எண்பது பிள்ளைகளுக்கு எட்டுக் கிலோ அரிசி போட்டால், வெந்து இறக்கும்போது பாத்திரத்தோடு முப்பது கிலோவை நெருங்கும். அடி இறங்குவதை, அதாவது கர்ப்பப்பை கீழே சரிந்து வருவதை, ஏழு வருடம் யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை. துணியை மடித்து வைத்துக்கொண்டே வேலைக்குப் போனேன். என்னைப் போல மறைத்து வைத்திருந்து, இப்போதுதான் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிற மகளும் மருமகளும் வீட்டுக்காரரும் கூடப் படிக்க வேண்டும். உங்கள் டாக்டர் சொன்னது இதற்கு மாறாக இருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் தைத்த இடமும் முறையும் வேறு.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே

பள்ளி விடுமுறை என்று மே மாதத்தில் தேதி வாங்கினேன். ஒரு மாதத்தில் எழுந்துவிடலாம் என்பது என் கணக்கு. டாக்டரம்மா அந்தக் கணக்கை அங்கேயே திருத்தினார். ஆறு வாரம் வீட்டோடு இருக்க வேண்டும், பன்னிரண்டு வாரம் கனமான எதையும் தொடக் கூடாது. அதனால் விடுப்புக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். அந்த ஆறு வாரத்துக்குள் காதுகுத்து, கல்யாணம், அறுப்பு எதுவும் வராத மாதிரி தேதி கேளுங்கள். விசேஷ வீட்டில் "சும்மா உட்காந்திரு" என்று கூப்பிடுவார்கள். யாராலும் சும்மா உட்கார முடியாது.

வீட்டில் நான் செய்துவைத்தவை: பாய் படுக்கையை விட்டுக் கட்டிலுக்கு மாறினேன். பருப்பு, எண்ணெய், டம்ளர் எல்லாவற்றையும் குனியாமலும் எம்பாமலும் எடுக்கிற உயரத்தில் அடுக்கினேன். கேஸ் சிலிண்டரைப் புதிதாக மாட்டிவைத்தேன். எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர் வரும். அதைப் பிடிக்க எதிர்வீட்டுப் பையனை ஏற்பாடு செய்தேன். இருமல் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே மருந்து சாப்பிட்டு அடக்கிவிட வேண்டும். சர்க்கரை இருப்பவர்கள் அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும், இல்லையென்றால் புண் ஆற நாளாகும்.

எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது கமோடு நாற்காலி. எங்கள் வீட்டில் தரையோடு இருக்கிற கக்கூஸ். குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுவது முதல் வாரங்களில் பெரிய பாடு. நடுவில் ஓட்டை உள்ள நாற்காலியை அதன் மேல் போட்டுக்கொண்டால் போதும். வயசானவர்கள் இருந்த வீடுகளில் கேட்டுப் பாருங்கள், எங்காவது பரணில் கிடக்கும்.

முதல் சில நாள்

முதுகில் ஊசி போட்டுத்தான் எனக்குச் செய்தார்கள். உள்ளே அடைத்திருந்த துணியை மறுநாள் எடுத்தார்கள், யூரின் டியூபை இரண்டாம் நாள். டியூப் எடுத்த பிறகு முழுசாகப் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்தபின்னும் சில நாள் மெல்லத்தான் வரும். முக்கக் கூடாது. உட்கார்ந்து, வந்தது வரட்டும் என்று விட்டு, எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் மிச்சமும் வந்துவிடும்.

படுக்கையிலிருந்து நேராக எழக் கூடாது, அப்படி எழுந்தால் அடிவயிறு இறுகும். ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். எனக்கு இது இப்போதும் பழக்கமாகிவிட்டது. இருமலோ தும்மலோ வந்தால் காலைச் சேர்த்து, மடித்த துண்டைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் மணிக்கு ஒருமுறை பத்தடி நடங்கள். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டும்.

வயிற்றைப் பழைய சேலையால் இறுக்கிக் கட்டச் சொல்வார்கள். எனக்கும் அம்மா காலத்துச் சேலையை எடுத்துவந்தார்கள். கட்டவில்லை. மேலே இறுக்கினால் அழுத்தம் கீழேதான் இறங்கும், தைத்த இடமோ கீழே இருக்கிறது என்று நர்ஸம்மா விளக்கியிருந்தார்.

வெளிக்குப் போவது

இதைப் பேச வெட்கப்பட்டு விட்டுவிடுகிறோம். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். ஒரு தடவை மூச்சைப் பிடித்து முக்கினால் புதுத் தையல் மேல் விழும் பாரம் கொஞ்சநஞ்சமில்லை. வலி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கட்டிவிடும். அதோடு நம் வீட்டுப் பத்தியமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

"தண்ணி ஜாஸ்தி குடிக்காத, புண்ணு சீழ் வைக்கும்." "கீரை குளுமை, பழம் குளுமை, பருப்பு ஆகாது." மூன்று நாள் நானும் கேட்டேன். மிளகு ரசச் சோறும் சுட்ட அப்பளமும்தான். மே மாத வெயில் வேறு. நான்காம் நாள் கக்கூஸில் உட்கார்ந்து அழுதேன். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டபோது, "பத்தியமெல்லாம் வேண்டாம்மா, தண்ணி குடிங்க, புண்ணு ஆறப் பருப்பும் முட்டையும் வேணும்" என்றார்கள். தண்ணீர் குடிப்பதால் புண் சீழ் வைக்காது. வீட்டுப் பெரியவர்கள் பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் பணிந்துபோகாதீர்கள்.

நான் செய்தது இது. காலையில் எழுந்ததும் வெதுவெதுப்பாக ஒரு சொம்பு தண்ணீர், பகல் முழுக்க மோரும் தண்ணீருமாக இரண்டு லிட்டருக்குக் குறையாமல். (இதயம், கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, பப்பாளி, ராத்திரி ஊறவைத்த உலர்திராட்சை. இவற்றோடு டாக்டர் எழுதிய மலம் இளக்கும் சிரப்பையும் விடாமல் குடித்தேன். இரண்டு நாள் சரியாகப் போனதும் சிரப்பை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தச் சொல்லும்வரை குடியுங்கள்.

உட்காரும் முறையும் இருக்கிறது. கமோடு நாற்காலியில் உட்கார்ந்து காலுக்குக் கீழே ஒரு மணைப்பலகையைப் போட்டால் முழங்கால் இடுப்பைவிட உயரும், மலம் எளிதாக இறங்கும். முன்னால் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சை விட்டுக்கொண்டே இருங்கள். வாய் திறந்திருந்தால் முக்க வராது. சுத்தமான பேடை மடித்து, தையல் பக்கத்தைக் கையால் தாங்கிக்கொண்டால் பயம் குறையும். ஐந்து நிமிடத்தில் வரவில்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். கழுவும்போது முன்னாலிருந்து பின்னால்.

பத்தொன்பதாம் நாள்

மூன்றாம் வாரம் வலி போய்விட்டது. பசி எடுத்தது, தூக்கம் வந்தது, ஏழு வருடம் காலிடுக்கில் தொங்கிய பாரம் இல்லை. சிரித்துக்கொண்டே நடமாடினேன். அன்று சாயங்காலம் கோடை மழை திடீரென்று பிடித்துக்கொண்டது. வீட்டில் யாருமில்லை. நனைத்து வைத்திருந்த துணி, அரை வாளித் தண்ணீரோடு முற்றத்தில் இருந்தது. யோசிக்கவே இல்லை, தூக்கித் திண்ணையில் வைத்தேன். இரண்டே எட்டு. ராத்திரி பேடில் சிவப்பாக ரத்தம்.

மகன் காரில் கூட்டிக்கொண்டு போனான். தையல் விடவில்லை, ஓரத்தில் கசிந்திருக்கிறது என்று பார்த்துச் சொன்னார்கள். நான்கு நாள் மறுபடி படுக்கை. டாக்டரம்மா திட்டவில்லை. "வலி போறது வேற, புண்ணு பலமாகுறது வேற. தையல் நூல் கரையுறதுக்குள்ள சதை ஒட்டிப் பலமாகணும்" என்று மட்டும் சொன்னார்.

அதனால் கனத்தைக் கிலோவில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்குச் சொன்னது, ஆறு வாரம் வரை இரண்டு கிலோவுக்கு மேல் கூடாது. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆக ஒரு செம்புத் தண்ணீர் தூக்கலாம், குடம் கூடவே கூடாது. சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோ பக்கம் வரும், உருட்டக்கூடச் செய்யாதீர்கள். ஈரத்துணி வாளி, கிரைண்டர் கல், மாவுச் சட்டி, ரேஷன் பை, ஆட்டுக்குப் போடும் தழைக்கட்டு எல்லாமே கூடாதவை. குனிந்து கூட்டுவதும் உட்கார்ந்து தரை துடைப்பதும் அப்படித்தான். மிகவும் கஷ்டமானது பேரப்பிள்ளை. ஒன்றரை வயதுக்காரி, பத்துக் கிலோ, கையை நீட்டிக்கொண்டு ஓடிவருவாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன், மருமகள் தூக்கி மடியில் வைப்பாள்.

வீட்டில் இருப்பவர்களுக்குத் தழும்பு தெரியாது, நீங்கள்தான் வாயால் சொல்ல வேண்டும். நான் காலண்டரில் ஆறாவது வாரத்தையும் பன்னிரண்டாவது வாரத்தையும் சிவப்பு மையில் வட்டமிட்டு அடுப்படியில் மாட்டினேன். அதற்கப்புறம் "அத்த, நீங்க தள்ளுங்க" என்று மருமகளே முந்திக்கொள்வாள்.

உட்கார்ந்தபடி காய் நறுக்கலாம், வெங்காயம் உரிக்கலாம், தாளிக்கலாம். படி ஏறலாம், மெதுவாக. டூவீலரும் மேடுபள்ளமான ரோட்டில் பஸ்ஸும் ஆறு வாரத்துக்கு வேண்டாம்.

எது சாதாரணம், எதற்கு ஓட வேண்டும்

லேசாக ரோஸ் நிறத்திலோ பழுப்பாகவோ கசிவது நான்கு முதல் ஆறு வாரம் வரை இருக்கும். நடுவில் நூல் துண்டு விழும், பயப்படாதீர்கள், தானே கரைகிற நூல் அது. பேட் வெளியே மட்டும் வைக்க வேண்டும், உள்ளே எதுவும் வைக்கக் கூடாது. டெட்டால் ஊற்றிக் கழுவ வேண்டாம். மொண்டு ஊற்றிக் குளிக்கலாம், கண்மாயில் இறங்கக் கூடாது.

ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைகிற அளவு ரத்தம், கட்டி கட்டியாகப் போவது, கெட்ட வாடை, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், நான்கைந்து மணி நேரமாகியும் சிறுநீர் வராமல் அடிவயிறு உப்புவது, நிற்காத வாந்தி, கூடிக்கொண்டே போகிற வயிற்றுவலி: இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு கால் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தாலும் உடனே போய்க் காட்ட வேண்டும். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

கணவன் மனைவி சேருவதும் ஆறு வாரம் கழித்து, டாக்டர் உள்ளே பார்த்துச் சொன்ன பிறகுதான். இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. டிஸ்சார்ஜ் அன்று நர்ஸம்மாவே என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். உங்களுக்கும் தயக்கம் இருந்தால் அவர்களையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

ஆறாவது வாரத்துக்குப் பின்

செக்கப்புக்குக் கட்டாயம் போங்கள், நன்றாக இருந்தாலும். புண் ஆறியதைப் பார்த்துவிட்டு எனக்கு இடுப்படித் தசைப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். காற்று வெளியேறாமல் அடக்குவதுபோல உள்ளுக்குள் இழுத்து, ஐந்து எண்ணி, முழுசாக விட வேண்டும். பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. நான் காலையில் டீ கொதிக்கும்போதும், மத்தியானம் படுக்கும்போதும், ராத்திரி சீரியல் பார்க்கும்போதும் செய்கிறேன். மாதவிடாய் நின்றவர்களுக்கு அந்த இடத்துத் தோல் மெலிந்திருக்கும் என்று க்ரீம் எழுதித் தருவார்கள். அதை அழகுக்கான க்ரீம் என்று நினைத்துத் தள்ளிவைத்துவிடாதீர்கள்.

சாயங்காலம் மூன்று மணிக்கு மேல் உடம்பு அடித்துப்போட்டதுபோல இருந்தது எனக்கு இரண்டரை மாதம் வரைக்கும். அதுவும் சகஜம்தான்.

ஆகஸ்டில் வேலைக்குத் திரும்பினேன். போன முதல் நாளே அமைப்பாளரிடம் மெடிக்கல் சர்டிபிகேட்டைக் கொடுத்து, இனிமேல் அண்டா இறக்க மாட்டேன் என்று சொன்னேன். இந்தத் தையலுக்குப் பிறகும் கனம் தூக்கினால் மறுபடி இறங்க வாய்ப்பு இருக்கிறது. இப்போது பெரிய அண்டாவுக்குப் பதில் மூன்று சின்னப் பாத்திரத்தில் வைக்கிறோம். சோறு வெந்ததும் அடுப்பிலேயே விட்டு, அகப்பையால் மொண்டு வாளி வாளியாக எடுக்கிறோம். கால் மணி நேரம் கூடுதலாகிறது. உதவியாளர் பிள்ளைக்கு 28 வயது, இரண்டாவது பிரசவம் முடிந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவளையும் அண்டாவைத் தொட விடுவதில்லை.